மோதிரம் கைமாறியதை யார் பார்த்தது?

பர்மாத் தமிழர் வீடுகளில் கதைக்குப் பஞ்சமில்லை. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது கால்நடையாகவே இந்தியா போய்ச் சேர்ந்தவர்கள், போகிற வழியில் காலராவுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், 1964-இல் கப்பலேறியவர்கள், ஏறாமல் இங்கேயே நின்றுவிட்டவர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்ல ஒன்றிரண்டு உண்டு. ரங்கூனிலும் மோல்மேனிலும் தட்டோனிலும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து தமிழ் படித்த இளையவர்கள் இப்போது அவற்றை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். வாசிக்கும்போது எனக்கு ஒரு குறை தெரிகிறது. நிகழ்ச்சி வலுவாக இருக்கிறது, மொழியிலும் பெரிய பிழையில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியை யாருடைய கண் பார்க்கிறது என்பதை எழுதியவர் முடிவு செய்யவே இல்லை. சிலர், 'நான்' என்று தொடங்கினாலே நெருக்கம் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். சிலர், கதையில் வருகிற எல்லார் மனத்துக்குள்ளும் ஒரே பத்தியில் புகுந்து வெளியே வருகிறார்கள்.

எந்த வரி கதைக்குள் வரலாம், எது வரக்கூடாது, எது கடைசிவரை தெரியாமலே போகவேண்டும் என்பதையெல்லாம் இந்த ஒரு முடிவுதான் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு இடங்களில் நின்று அதைச் சொல்லிப் பார்க்கிறேன். நிகழ்ச்சி கற்பனை, பின்னணி உண்மை.

1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே 17 அன்று 50 க்யாட், 100 க்யாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தொழிலும் கைப்பணமும் போனபின் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகச் சென்னைக்குக் கப்பலேறினார்கள். நகையோ பணமோ கொண்டுபோகத் துறைமுகத்தில் விடவில்லை.

இந்தப் பின்னணியில் ரங்கூன் முகல் தெருக் கடை ஒன்றின் கணக்கப்பிள்ளை, மாணிக்கம் என்று வைத்துக்கொள்வோம். மனைவி மா கின் பர்மியப் பெண். மகள் மீனாவுக்கு எட்டு வயது. மாணிக்கம் முதலில் போவது, பிறகு இவர்களை அழைத்துக்கொள்வது என்று பேச்சு. வழியனுப்ப அவனுடைய தம்பி சோமுவும் வந்திருக்கிறான். சோதனை மேசையில் இருந்த அதிகாரி விரலில் கிடக்கும் மோதிரத்தைக் கழற்றச் சொல்கிறார். வந்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போ என்கிறார். கம்பித் தடுப்புக்கு அப்பால் இருந்து மா கின் கையை நீட்டுகிறாள். மாணிக்கம் மோதிரத்தைத் தம்பி கையில் கொடுத்து, 'பத்திரம்' என்கிறான். கப்பல் போகிறது. அவன் பிறகு வரவே இல்லை.

கதை இவ்வளவுதான். இனி இதை யார் சொல்வது?

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது மீனா. எழுபதை நெருங்கும் வயதில் அவள் 'நான்' என்று சொல்கிறாள்:

'அப்பாவின் விரல் மெலிந்திருந்தது. மோதிரம் உடனே கழன்று வந்துவிட்டது. அம்மா கையை நீட்டினாள். அப்பா அதைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். நீட்டிய கையை அம்மா மடக்கிக்கொள்ளவில்லை. அதில் என் கையை வைத்தேன்.'

இதில் உள்ள நல்லது தெரிகிறது. பார்த்தவளே சொல்கிறாள். எட்டு வயதும் அறுபத்தெட்டு வயதும் ஒரே குரலுக்குள் இருக்கின்றன. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அறுபத்தெட்டு வயதுக்காரிக்கு முடிவு தெரியும், தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. 'அப்பாவை அதுதான் கடைசியாகப் பார்ப்பது என்று அன்று எனக்குத் தெரியவில்லை' என்ற வரி எப்படியாவது உள்ளே வந்துவிடும். இந்த ஒரு வரியை நான் எத்தனையோ கதைகளில் பார்த்துவிட்டேன். அது வந்த இடத்தில் துறைமுகம் மறைந்துபோகிறது, நினைத்து வருந்தும் பாட்டி மட்டும் மிஞ்சுகிறாள்.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. பர்மியத் தாய் வளர்த்த பெண் மீனா. 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆயின, தமிழ் நாளிதழ்களும் நின்றுபோயின. அப்படி வளர்ந்தவள் எப்படிப்பட்ட தமிழில் 'நான்' என்பாள்? தாய் முகத்தில் பூசிவிட்ட தனாக்கா மரப்பட்டைச் சாந்தும் சமையற்கட்டில் ஙாபி என்ற மீன்விழுதின் மணமும் அவள் பேச்சில் இருக்கும், ஆனால் 'விழிகளில் நீர் திரையிட்டது' இருக்காது. தன்மையில் எழுதினால் ஒவ்வொரு சொல்லும் அந்த ஆளுடையது. தஞ்சாவூர்ப் பத்திரிகைக் கதையின் தமிழை மீனாவின் வாயில் வைத்தால் வாசகர் முதல் பக்கத்திலேயே அவளை நம்பாமல் போவார். அவளுடைய தமிழை எழுத்தில் கொண்டுவர முடியும் என்றால் எழுதுங்கள், அபூர்வமான கதை கிடைக்கும்.

மாணிக்கமே சொன்னால்? அவனுடைய 'நான்' வேறு வகை. சென்னையில் இருந்துகொண்டு, பல ஆண்டு கழித்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறான். 'கூட்டத்தில் பெண்பிள்ளை கையில் தங்கம் இருந்தால் ஆபத்து, அதனால்தான் தம்பியிடம் கொடுத்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. அவளுக்கும் அது தெரியும்.' வேறு காரணம் இல்லை என்று அவன் சொல்லும் இடத்தில்தான் வேறு காரணம் இருப்பது நமக்குத் தெரிகிறது. தன்மை நோக்கின் உண்மையான பலம் என்று நான் நினைப்பது இதைத்தான். சொல்பவர் மறைப்பதை, அவர் சொற்களிலிருந்தே வாசகர் கண்டுபிடிப்பார். 'நான்' என்று எழுத விரும்புகிறவர்கள், சொல்வதால் எதையாவது இழக்கக்கூடிய ஆளைத் தேர்ந்தெடுத்தால் நல்லது. அந்த வகையில் மீனாவைவிட மாணிக்கம் மேல். ஆனால் எழுதுவது கடினம். அவன் தவற்றை உணர்ந்து அழுவதுபோல் முடித்துவிடக் கை துடிக்கும். அழவிடக்கூடாது.

எல்லாம் அறிந்த பார்வை எப்படியிருக்கும் என்று பாருங்கள்:

'மனைவியிடம் கொடுக்கத்தான் மாணிக்கம் முதலில் நினைத்தான். ஆனால் தன்னை நம்பி அவள் எத்தனை நாள் இருப்பாள் என்ற ஐயம் ஒரு கணம் எழுந்தது. மா கின் அதைப் புரிந்துகொண்டாள். சோமுவுக்கோ, இந்த மோதிரத்தை விற்றுத் தானும் டிக்கெட் எடுக்கலாமே என்ற எண்ணம் ஓடியது. மீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை.'

ஐந்து வாக்கியத்தில் கதை முடிந்துவிட்டது. மோதிரம் ஏன் அந்தக் கைக்குப் போனது என்ற ஒரே ஒரு மர்மத்தை வைத்துக்கொண்டு நிற்கும் கதையில், எல்லார் மனத்தையும் திறந்துகாட்டினால் வாசகருக்கு வேலை இல்லை. சிறுகதைக்கு இந்தப் பார்வை ஆகவே ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். 1942 நடைப்பயணத்தை எழுதுகிறவருக்கு இது தேவைப்படலாம். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. இதற்கிடையிலும் பிறகும் லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும், டாமு வழியாக மணிப்பூருக்கும், வடக்கே ஹூகாவ்ங் பள்ளத்தாக்கு வழியாகவும் சிதறி நடந்தார்கள். நடந்த எவருக்கும் முழுப்படம் தெரியாது. முன்னால் போன கூட்டத்துக்கு என்ன ஆயிற்று என்பதுகூடத் தெரியாது. அவர்கள் எல்லாரையும் மேலிருந்து பார்க்கும் குரல், ஒருவருக்கும் தெரியாததைத் தெரிந்துவைத்திருக்கும் குரல், அங்கே ஒரு கனத்தைக் கொடுக்கும். துறைமுக மேசையருகே அதற்கு இடமில்லை.

பார்வை பற்றிப் பேசும்போது இதெல்லாம் மேல்நாட்டு இலக்கணம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் நம் சங்க அகப்பாடல்களிலேயே கவிஞர் தம் குரலில் பேசுவதே இல்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று என்று யாராவது ஒருவர் வாய்வழியாகவே பாட்டு வரும். பாலைத் திணையில், காதலனோடு வீட்டை விட்டுப் போன பெண்ணைப் பற்றி இரண்டு பாடல்கள் குறுந்தொகையில் இருக்கின்றன. ஏழாம் பாடல், வழியில் அந்த இருவரையும் பார்த்தவர்கள் சொல்வது. அவன் காலில் கழல், அவள் காலில் சிலம்பு, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிகிறது, யாரோ பாவம் என்கிறார்கள். நாற்பத்து நான்காம் பாடல் தேடிப்போன செவிலித்தாயுடையது. அவளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது, பார்த்துப் பார்த்துக் கண் ஒளி இழந்துவிட்டது, இந்த உலகத்தில் பிறரோ வானத்து மீன்களைவிடப் பலர், அவர்களில் ஒருவரும் தன் பெண் இல்லை. ஒரே வகை நிகழ்ச்சி, ஒரே சுரவழி. கண்டவர்களுக்குத் துயரம் இல்லை, துயரம் உள்ளவளுக்குக் காட்சி இல்லை. இரண்டையும் ஒரே பாட்டில் கலந்திருந்தால் இரண்டும் போயிருக்கும். ஊரைவிட்டு நடந்தவர்களைப் பற்றி எழுதும் பர்மாத் தமிழருக்கு இவற்றைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியாது.

இனி, நான் தேர்ந்தெடுக்கும் இடம். படர்க்கைதான், ஆனால் ஒரே ஆளோடு ஒட்டி நிற்கும் படர்க்கை. அந்த ஆள் மா கின்.

'அவர் மோதிரத்தைக் கழற்றினார். அவள் கையை நீட்டினாள். அது சோமுவின் கைக்குப் போயிற்று. அவர் தம்பியிடம் ஏதோ சொன்னார். சத்தத்தில் பத்திரம் என்ற சொல் மட்டும் கேட்டது. அது தனக்குத் தெரிந்த சொல். பால்பாத்திரத்தை மூடும்போது சொல்வார், மீனா படியிறங்கும்போது சொல்வார். இப்போது எதைச் சொன்னார்? மோதிரத்தையா, தன்னையா?'

இந்தக் கேள்விக்குக் கதையில் பதில் கிடையாது. மா கின்னுக்குத் தமிழ் அரைகுறையாகத் தெரியும் என்பதும், கூட்டத்தில் சத்தம் என்பதும், சோமு பிறகு அவளிடம் என்ன சொன்னாலும் அது சோமுவின் பேச்சு என்பதும் சேர்ந்து கதவைச் சாத்திவிடுகின்றன. மீனாவுக்கு அந்தச் சொல் முழுதாகப் புரியும், மாணிக்கத்துக்குத் தான் எதை நினைத்துச் சொன்னோம் என்பது தெரியும், எல்லாம் அறிந்தவருக்குக் கேட்கவே வேண்டாம். இந்த நால்வரில் தெரியாமல் நிற்பவள் மா கின் ஒருத்திதான், அதனால் வாசகரும் அவளோடு சேர்ந்து நிற்கவேண்டியிருக்கிறது. மொழிச் சிக்கலும் இங்கே தீர்ந்துவிடுகிறது. தன்மையில் அவளைத் தமிழ் பேசவைத்தால் பொய். படர்க்கையில் அவள் பர்மிய மொழியில் நினைத்ததைக் கதைசொல்லி தமிழில் சொல்லலாம், வாசகர் கேள்வி கேட்கமாட்டார்.

தமிழில் படர்க்கை எழுதுகிறவருக்கு, வேறு பல மொழிகளில் எழுதுகிறவருக்கு இல்லாத ஒரு வேலை உண்டு. கணவனை 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா? மேலே, எல்லாம் அறிந்த பத்தியில் 'நினைத்தான்' என்று வந்தது, மா கின்னின் பத்தியில் 'கழற்றினார்' என்று வந்தது. நான் கவனமின்றி மாற்றியதில்லை. 'கழற்றினார்' என்ற ஒரு விகுதியிலேயே, இது மனைவி பார்க்கும் மாணிக்கம் என்று ஆகிவிடுகிறது. மீனாவோடு ஒட்டிய படர்க்கை என்றால் பெயரே வராது: 'அப்பா மேசைமுன் நின்றார். மீனா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.' மூன்றாம் ஆளின் குரலாக இருந்தும் 'அப்பா' என்று சொன்னதும் பார்வை எட்டு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. 'தான்', 'தன்' ஆகியவையும் அப்படித்தான். 'அவளையா' என்று எழுதியிருந்தால் நாம் வெளியே நின்று மா கின்னைப் பார்ப்போம். 'தன்னையா' என்றதும் உள்ளே வந்துவிட்டோம். ஒரு பத்தியில் 'அவர்' என்றும் அடுத்ததில் 'அவன்' என்றும் எழுதுகிறவர்கள், தெரியாமலே இரண்டு பேரின் தோளில் மாறிமாறி உட்காருகிறார்கள். மெய்ப்புப் பார்க்கிறவர்கள் மரியாதைப் பிழை என்று திருத்துகிறார்கள், ஆனால் பிழை பார்வையில் இருக்கிறது.

மீனாவோடு ஒட்டிய படர்க்கையை நான் இரண்டாவதாக வைப்பேன். பிள்ளையின் கண் கீழே இருக்கிறது. மேசைக்கால், அதிகாரியின் செருப்பு, ஈரமான லோஞ்சிக் கைலிகளின் ஓரம் எல்லாம் அதற்குத்தான் தெரியும். நோட்டு செல்லாமல் போன செய்தி அதற்குத் தேதியாகத் தெரியாது. அப்பா இரவெல்லாம் நோட்டுகளை எண்ணி அடுக்கி, மறுபடி கலைத்து எண்ணியதாகத்தான் தெரியும். வரலாற்றைத் தகவலாக ஊட்டாமல் காட்டுவதற்கு இது நல்ல வழி. ஆனாலும் நம் கதைகளில் பிள்ளையின் கண் அளவுக்கு மீறிப் பழகிவிட்டது. தெரியாத பிள்ளை என்றாலே வாசகர் இரங்கத் தயாராக உட்கார்ந்துவிடுகிறார். மா கின்னிடம் அப்படி எளிதாக இரங்கிவிட முடியாது. அவளுக்குச் சந்தேகம் உண்டு, கோபம் உண்டு, இந்த ஊரிலேயே இருந்துவிடும் உரிமையும் உண்டு.

'நாங்கள்' என்று கூட்டமாகச் சொல்லும் கதை அரிது, ஆனால் பர்மாவுக்குப் பொருந்தும். 'பையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தோம். பாயை விரிக்கச் சொன்னார்கள். விரித்தோம்.' வரிசையில் நின்ற ஆயிரம் பேருக்கு ஒரே அனுபவம் என்பதைச் சொல்ல இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. 'நாம்' என்றால் வாசகரையும் வரிசையில் சேர்த்துக்கொள்கிறோம், 'நாங்கள்' என்றால் அவரைக் கம்பிக்கு வெளியே நிறுத்துகிறோம். பர்மாத் தமிழருக்கு எழுதும்போது ஒன்று, தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது மற்றொன்று என்றுகூடத் தேர்ந்தெடுக்கலாம். மோதிரக் கதைக்கு மட்டும் இது உதவாது. வரிசையில் நின்றவர்களுக்கு மா கின்னின் கை கண்ணில் பட்டிருக்காது.

'நீ' என்று முன்னிலையில் எழுதுவது கடிதமாக அமைந்தால் நிற்கும், இல்லையென்றால் இரண்டு பக்கத்தில் சலித்துவிடும்.

கடைசியாக ஒன்று. இன்று எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் 1964-க்குப் பின் பிறந்தவர்கள். பாட்டி சொல்லக் கேட்டதுதான் கையில் இருக்கிறது. பாட்டியின் 'நான்' என்பதை இரவல் வாங்கி எழுதுவதைவிட, கேட்ட பேரனாகவோ பேத்தியாகவோ நின்று சொல்வது நேர்மையானது, அழகும் கூடியது. 'தாத்தா மோதிரத்தைக் கழற்றினாராம். பாட்டி கையை நீட்டினாளாம். யாரிடம் கொடுத்தார் என்று கேட்டால், அந்த இடத்தில் பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவாள்.' அந்த 'ஆம்' ஒவ்வொரு முறை வரும்போதும், நடந்ததற்கும் சொல்வதற்கும் நடுவே எத்தனை வாய் இருக்கிறது என்பது தெரிகிறது. பாட்டி எழுந்துபோவது கதைக்குள் நிகழ்ச்சியாகிவிடுகிறது. குடும்பத்தில் கேட்ட கதையை முதன்முறை எழுதுகிறவருக்கு மா கின்னின் பார்வையைவிட இதைத்தான் பரிந்துரைப்பேன். தெரியாத இடத்தைக் கற்பனையால் அடைக்கவேண்டிய கட்டாயம் இதில் இல்லை.

சோதனை மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் பார்வையில் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம். எதிரில் வரிசையாக வருகிறவர்களை, பர்மியர் இந்தியரை இளக்காரமாக அழைக்கும் 'கலா' என்ற சொல்லால் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் ஒருவன், மாலைக்குள் தட்டில் சேர்ந்த நகைகளுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டியவன், கையை நீட்டி நிற்கும் பெண் தன் இனத்தவள் என்பதைக் கவனிக்கிறவன். நம்மவர் யாரும் இதுவரை எழுதி நான் வாசிக்கவில்லை, வாசிக்க மிகவும் விரும்புகிறேன். அவனைக் கொடியவனாக்கவும் வேண்டாம், நல்லவனாக்கவும் வேண்டாம். அவனுக்கு அன்று மோதிரம் ஒரு வரிசை எண். அவன் பார்வையில் எழுதினால் மாணிக்கம் பக்கம் திரும்பி ஒரு வரிகூட இரங்கிவிடக்கூடாது, அதைத்தான் நம்மால் எளிதில் செய்ய முடியாது.

எந்தப் பார்வையைத் தேர்ந்தாலும் எழுதி முடித்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதை இந்த ஆள் பார்த்திருக்க முடியுமா, கேட்டிருக்க முடியுமா என்று பார்க்கவேண்டும். மா கின்னின் கதையில் 'அவள் முகம் வெளிறியது' என்று இருந்தால் அடித்துவிடுங்கள், தன் முகம் அவளுக்குத் தெரியாது. 'சோமு மனத்துக்குள் கணக்குப் போட்டான்' என்று இருந்தால் அதையும் அடித்துவிட்டு, சோமு மோதிரத்தைச் சட்டைப்பையில் போட்டானா, உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டானா என்று எழுதுங்கள். அது அவளுக்குத் தெரிந்திருக்கும்.